கூழாங்கல்லும் வளையல் துண்டும்

சொர்ணம்மாள் நட்டால் செத்துப்போகும்.

மணிக்குன்று எஸ்டேட்டில் இதை யாரும் ரகசியமாகச் சொல்வதில்லை. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்கள். லாரியிலிருந்து இறங்கிப் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு நின்ற விஜயத்துக்கும் முதல் செய்தியாக அதுதான் வந்து சேர்ந்தது.

சொன்னவர் கண்டக்டர் திரவியம். தோட்டத்தில் வேலையை மேற்பார்வை பார்ப்பவருக்கு அங்கே கண்டக்டர் என்று பேர். நாஞ்சில் நாட்டுக்காரர். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் ஒரு பிரம்பு. பிரம்பு பாம்புக்காகத்தான், ஆளுக்காக அல்ல என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"அவளுக்க கை அப்படி, கேட்டேளா. நல்லவதான். பாடுபடுவா. ஆனா கைராசி கிடையாது."

விஜயம் கைராசி பார்க்க வந்தவள் அல்ல. திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். இருபத்தைந்து வயது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்துவிட்டு, நகரத்தில் ஓர் ஆபீசில் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அது 1952, ஆவணி மாதம். போனக்காட்டுப் பக்கத்து மலைகளில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட ஆரம்பித்திருந்தார்கள். விதை போட்டால் நூறு செடி நூறு விதமாக வரும். மணிக்குன்று மானேஜர் அழகியநம்பி புதுவழி தேடுகிறவர். தோட்டத்திலேயே சிறந்த ஒரே ஒரு தாய்ச்செடியிலிருந்து, ஓர் இலையும் சிறு தண்டுமாகத் துண்டு வெட்டி, நர்சரிப் பாத்தியில் ஊன்றி வேர்விட வைத்தார். அந்தத் துண்டுக்குக் கட்டிங் என்று பேர். எந்த மண்ணில் அது நன்றாகப் பிடிக்கிறது என்று சோதித்துப் பார்க்க ஒரு முறை வகுத்துத் தரும்படி விஜயத்தின் ஆபீசுக்கு எழுதினார். ஆபீஸ் அவளை அனுப்பியது.

நர்சரி ஓடைக்கரையில் இருந்தது. பெரணித்தழை வேய்ந்த தாழ்வான பந்தல். குனிந்து நுழைந்தால் பச்சை இருட்டு. மேலேயிருந்து கீழே வரை பாத்திகள். மேல் பாத்திகளில் இலைகள் பளபளத்தன. கடைசிப் பாத்தியில் இலையெல்லாம் சுருண்டு பழுப்பேறிக் கிடந்தது.

அந்தக் கடைசிப் பாத்தியின் ஓரத்தில் ஒருத்தி குந்தியிருந்தாள். வெறுங்கழுத்து, வெறுங்கை. முழங்காலில் பச்சிலைக் கட்டு. விஜயத்தைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

சொர்ணம்மாளின் கதையைத் திரவியம் நாலு வரியில் முடித்தார். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். தம்பி பிச்சையாவுக்கு ஃபாக்டரி ரோலரில் வலது கை போய்விட்டது; அவனுக்கும் இவள்தான் சோறு. முழங்கால் வலியால் சரிவில் ஏறிக் கொழுந்து கிள்ள இவளால் முடியாது. ஆகவே நர்சரி வேலை. நர்சரியில் இவள் கை பட்டதெல்லாம் சாகிறது. இருப்பது ஒரே தாய்ச்செடி, ஒவ்வொரு கட்டிங்கும் பொன். இவளுடைய பேரை வேலைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடச் சொல்லி மானேஜரிடம் கேட்டிருந்தார். பேர் போனால், லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இருக்கிற அறையும் போகும். அக்காளும் தம்பியும் மலை இறங்க வேண்டியதுதான்.

"இவளுக்கு எப்பவும் இந்தக் கடைசிப் பாத்திதானா?" விஜயம் கேட்டாள்.

"எப்படியும் சாகப்போவுது. நல்ல இடத்த எதுக்குப் பாழாக்கணும்?"

விஜயத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"செத்துப்போறதுனால கடைசிப் பாத்திய குடுத்தேளா, கடைசிப் பாத்திய குடுத்ததுனால செத்துப்போறதா? ஓடைக்கரை. ஈரம் நிக்கறது. யார் நட்டாலும் அழுகுமே."

திரவியத்தின் பிரம்பு தரையில் ஒரு கோடு கிழித்தது.

*

அன்று சாயங்காலம் பங்களாவில் விஜயம் விஷயத்தை மானேஜரிடம் வைத்தாள். சொர்ணத்தின் கையும் கடைசிப் பாத்தியும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன. ஒட்டிப்பிறந்த இரட்டையரில் யார் திருடன் என்று எப்படிச் சொல்வது? முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாத்தியையும் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாக வகுக்கலாம். ஒரு பாதியைச் சொர்ணம் நடட்டும். மறுபாதியை, தோட்டத்திலேயே நல்ல கை என்று பேர் வாங்கிய முத்தாரம்மாள் நடட்டும். எந்தப் பாதி யாருக்கு என்பதை மட்டும் மனிதர்கள் தீர்மானிக்கக் கூடாது.

அழகியநம்பி காது கொடுத்துக் கேட்கிறவர். மண் சோதனை பிறகு ஆகட்டும், பேரை வெட்டுவதற்குமுன் உண்மை தெரியட்டும் என்றார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். மனிதர்கள் தீர்மானிக்கக் கூடாது என்றால் வேறு யார்?

நகரத்தில் என்றால் விஜயம் ஆபீஸ் அலமாரியிலிருந்து தற்செயல் எண்கள் அச்சடித்த புத்தகத்தை எடுத்திருப்பாள். இங்கே அதைக் காட்டினால் திரவியம் நம்பமாட்டார். அக்கிரகாரத்து அம்மாள் சொர்ணத்துக்கு நல்ல பாதியாகப் பார்த்துக் கொடுத்துவிட்டாள் என்று லயமெல்லாம் பேசும்.

"இங்க அம்மன் கோவில் இருக்கோல்லியோ? பூக்கட்டிப் பாத்துடலாம்."

மறுநாள் காலை, ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்மன் பீடத்தின்முன் கூட்டம் கூடியது. செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டிக் குலுக்கிப் போட்டார்கள். கல்யாணத்துக்கும் ஊர்ப்பயணத்துக்கும் பூக்கட்டிப் பார்த்துப் பழகியவர்கள். தேயிலைக்குப் பார்ப்பது முதல் தடவை. பூசாரி எடுத்தார். சிவப்பு வந்தால் மேல்பாதி சொர்ணத்துக்கு; வெள்ளை வந்தால் முத்தாரம்மாளுக்கு. பாத்திக்கு ஒரு தடவை மறுபடி குலுக்கல். பூ எப்படி வந்ததோ அப்படியே ஒவ்வொரு பாதியிலும் குச்சி நட்டுத் துணி கட்டினார்கள். சொர்ணத்தின் பாதியில் சிவப்புத் துணி, முத்தாரம்மாள் பாதியில் வெள்ளை.

அம்மனே பங்கு போட்டுக் கொடுத்த பிறகு யாருக்கும் பேச்சில்லை. முத்தாரம்மாள் மட்டும், கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல்கள் குலுங்க, தன் வாய்க்கு வேலை கொடுத்தாள்.

"ஏட்டி சொர்ணம், என் பாதிப் பக்கம் மூச்சு விட்ராத. கணக்கம்மா அதையும் எழுதிக்கிடுவாக."

சொர்ணம் சிரித்தாள். அவள் சிரித்து விஜயம் பார்த்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பு விஜயத்துக்கு ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டதுபோல் இருந்தது. இடம்தான் குற்றவாளி, ஐப்பசியில் நிரூபித்துவிடுவேன் என்று லாரி ஏறினாள்.

*

ஐப்பசிக் கடைசியில் திரும்பி வந்தாள். பந்தலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

வெள்ளைத் துணிப் பாதிகளில் பச்சை. சிவப்புத் துணிப் பாதிகளில் பழுப்பு. மேல் பாத்தியிலும் அப்படி. நடுப் பாத்தியிலும் அப்படி. ஒரே ஒரு பாத்தியில்தான் இரண்டும் ஏறக்குறைய சமம். மற்ற எல்லாவற்றிலும், பூ எங்கே தூக்கிப் போட்டிருந்தாலும் சரி, சொர்ணத்தின் பாதிதான் செத்திருந்தது.

தற்செயல் என்று சொல்லவும் வழியில்லை. இத்தனை பாத்தியிலும் ஒரே பக்கம் விழ வேண்டுமென்றால், சுண்டிய காசு ஏறக்குறைய எல்லாத் தடவையும் தலையாகவே விழ வேண்டும். அது விஜயத்துக்கு மெஷின் இல்லாமலே தெரிந்தது.

ஓடைக்கரை ஈரத்தின்மேல் பழி இல்லை. அவளே வகுத்த சோதனை, சொர்ணத்தின் கழுத்தில் சுருக்கை மாட்டிவிட்டது.

திரவியம் ஜெயித்தவர்போல் பேசவில்லை. அதுதான் விஜயத்தை இன்னும் வருத்தியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வருஷக் கடைசியில் பேரை வெட்ட மானேஜர் சம்மதித்துவிட்டார் என்று தணிந்த குரலில் சொன்னார். முன்பு வெறும் பேச்சாக இருந்தது. இப்போது அம்மாவின் கணக்கும் சொல்லிவிட்டது.

லாரி வர நேரமிருந்தது. விஜயம் சிவப்புத் துணிப் பாதி ஒன்றின் அருகில் குந்தி, செத்த கட்டிங் ஒன்றைப் பிடுங்கினாள். அதன் அடியைப் பார்த்தவள் கண்ணருகே கொண்டுபோனாள்.

தண்டின் அடியில் சின்னச் சின்ன வெள்ளை முளைகள். வேர் விட்டிருக்கிறது. விட்ட வேர்கள் பாதியில் அறுந்திருக்கின்றன.

இன்னொன்றைப் பிடுங்கினாள். அதிலும் அறுந்த முளைகள். வெள்ளைத் துணிப் பக்கம் போய், அங்கே செத்திருந்த ஒன்றிரண்டைத் தேடிப் பிடுங்கினாள். அவை வேறு மாதிரி. அடி கறுத்து அழுகியிருந்தது, வேரே விடவில்லை.

சொர்ணத்தின் செடிகள் தாமாகச் சாகவில்லை. யாரோ கொன்றிருக்கிறார்கள். வேர் விட்ட பிறகு இழுத்திருக்கிறார்கள்.

விஜயம் நிமிர்ந்தாள். பந்தலின் மறுமுனையில் திரவியம் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் நர்சரிக்கு முதலில் வருகிறவர் அவர். சொர்ணத்துக்குக் கைராசி இல்லை என்று முதலில் சொன்னவரும் அவர். தன் பேச்சு பொய்யாகக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார்?

செடிகளை யாருக்கும் காட்டாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

வலியசாலை வீட்டில் அவளுடைய அப்பா ஸ்ரீனிவாசன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் பையனுடைய நம்பரை வெட்டி எடுத்துவிட்டு வேறு நம்பர் போட்டிருந்தது.

"இது யாரோட பேப்பர்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரிஞ்சா திருத்த முடியுமாடீ? நம்மாத்துப் பையன்னா கை தானா ரெண்டு மார்க் கூடப் போடும். ஆகாத பையன்னா ரெண்டு குறைக்கும். மனசு போடாதேன்னு சொன்னாலும் கேக்காது."

விஜயம் அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூ தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இடத்தையும் ஆளையும் பிரித்துக் காட்டியது. ஆனால் பூவோடு சேர்ந்து அந்தப் பாதிக்குப் போனது சொர்ணத்தின் கை மட்டுமில்லை, சொர்ணத்தின் பேரும் போனது. சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டு, இது இவளுடையது என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது யார்? அவளேதான். சாகடிக்க நினைத்தவன் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை.

காப்பி ஆறிக்கொண்டிருப்பதாக அப்பா இரண்டு தடவை சொன்னார். காதில் விழவில்லை. மானேஜருக்கு அன்றே எழுதினாள். இன்னும் ஒரே ஒரு சோதனை. அது முடியும்வரை பேரை வெட்ட வேண்டாம்.

*

கார்த்திகையில் நர்சரிப் பாத்திகளைத் தொடவில்லை. மூங்கில் கூடைகள் வந்தன. கொய்யாப்பழம் கொள்ளும் அளவில் சின்னக் கூடைகள், எல்லாம் ஒரே வார்ப்பு. கூடைக்கு ஒரு கட்டிங்.

நடுவதற்குமுன் ஒவ்வொரு கூடையின் அடியிலும் ஓர் அடையாளம் போட்டு அதன்மேல் மண்ணை நிரப்ப வேண்டும் என்றாள் விஜயம். முத்தாரம்மாள் உடைந்த சிவப்பு வளையல்களைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். வளையல் போடாத சொர்ணம் என்ன போடுவாள்? பிச்சையா இடது கையால் மடியை அவிழ்த்தான். கல்லாற்றில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கற்கள்.

இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து ஆளுக்குச் சரிபாதி நட்டார்கள். நட்டு முடித்ததும் கூடைகளை எல்லாம் பெரட்டுக்களத்தில் கொட்டாத குறையாகக் கலந்தார்கள். கலந்தது லாரி டிரைவரும் பூசாரியும். கலந்ததைப் பந்தலுக்குள் வரிசையாக வைத்தார்கள். எது யாருடையது என்று சொர்ணத்துக்குத் தெரியாது. முத்தாரம்மாளுக்குத் தெரியாது. திரவியத்துக்குத் தெரியாது. விஜயத்துக்கே தெரியாது. தண்ணீர் ஊற்றுவதும் பொது. இருவரும் மாறி மாறி எல்லாக் கூடைக்கும் ஊற்ற வேண்டும்.

திரவியம் கூடை வரிசையை நெடுநேரம் பார்த்தார்.

"இதுல அவளுக்கதை எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார்.

விஜயம் அவரைக் கூர்ந்து பார்த்தாள். எதற்காகக் கேட்கிறார்?

"கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத்தான்" என்றாள்.

*

தை மாதம். பொங்கல் வைத்த கரி இன்னும் லயத்து வாசல்களில் கிடந்தது. மானேஜரே வந்துவிட்டார். பெரட்டுக்களத்தில் கூடைகளை இரண்டு குவியலாக வைத்தார்கள். பச்சையாக இருப்பவை ஒரு பக்கம். செத்தவை ஒரு பக்கம். செத்த குவியல் சிறியது.

"கவுத்துங்கோ" என்றாள் விஜயம்.

முதலில் செத்தவை. மண் உதிர்ந்தது. வளையல் துண்டு. அடுத்தது கூழாங்கல். கூழாங்கல். வளையல். வளையல். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முத்தாரம்மாள் தன் வளையல் ஒவ்வொன்றும் விழும்போது முகத்தைச் சுளித்தாள்.

பிறகு பச்சைக் குவியல். வளையல். கூழாங்கல். கூழாங்கல். வளையல். மண்கட்டியோடு செடியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டே போனார்கள். முடிவில் பச்சைக் கூடைகளிலிருந்து விழுந்த வெள்ளைக் கற்கள் ஒரு குவியலும் சிவப்புத் துண்டுகள் ஒரு குவியலுமாகச் சேர்ந்தன. எது பெரியது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் கூழாங்கல் ஒன்று கூட.

சொர்ணம் நட்டதும் பிழைக்கிறது, முத்தாரம்மாள் நட்டதைப்போலவே.

விஜயம் கைப்பையைத் திறந்து, ஐப்பசியில் எடுத்துவைத்த காய்ந்த கட்டிங்குகளை மானேஜரிடம் நீட்டினாள். அறுந்த வேர் முளைகளைக் காட்டினாள். இவை தாமாகச் சாகவில்லை, சிவப்புத் துணியைப் பார்த்து யாரோ இழுத்திருக்கிறார்கள். எது யாருடையது என்று தெரியாதபோது அந்த ஆளால் இழுக்க முடியவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே திரவியத்தின் பக்கம் திரும்பினாள்.

"கண்டக்டர், நீங்கோ கார்த்தாலே..."

"அவுக இல்லம்மா."

சொர்ணத்தின் குரல். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் இழுத்தேன்."

கூட்டம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"எல்லாரும் சாகும் சாகும்னு சொல்லுதாக. எனக்கு ராத்திரியெல்லாம் உறக்கம் பிடிக்காது. விடியுமுன்ன ஓடிவந்து, புடிச்சிருக்கா புடிச்சிருக்கான்னு லேசா இழுத்துப் பாப்பேன். வராம நின்னா வேரு விட்டிருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு மட்டும் சோறு இறங்கும். மறுநா திரும்பவும் பயம் வந்துரும்."

விஜயம் அவள் அருகில் வந்தாள். "இந்தத் தடவை ஏன் இழுக்கலை?"

"எது என்னுதுன்னு தெரியலையே. ஊரா நட்ட செடிய நான் ஏன் இழுக்கேன்?"

முத்தாரம்மாள்தான் முதலில் சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஜயம் திரவியத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். கையில் சான்று வைத்துக்கொண்டு, தப்பான ஆளை நோக்கி விரலை நீட்டியிருந்தாள். திரவியம் கோபப்படவில்லை. அவர் மனம் வேறெங்கோ இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு மானேஜரிடம் சொன்னார்:

"சாரே, அப்ப கடைசியில அவளுக்க கைதானே கொன்னுது? நான் சொன்னதுதானே?"

நியாயமான கேள்வி. மானேஜரும் விஜயத்தைத்தான் பார்த்தார். அவர் கேட்டது எளிது. சொர்ணத்தை வேலையில் வைத்துக்கொண்டால் மறுபடி செடி சாகுமா, சாகாதா? சாகுமென்றால் பேரை வெட்டத்தான் வேண்டும்.

"கை கொன்னுதா, இழுத்தது கொன்னுதா? அது ரெண்டும் ஒண்ணில்லை" என்றாள் விஜயம். "இழுத்ததுதான் காரணம்னா, எந்தக் கை இழுத்தாலும் சாகணும். ராசியான கையானாலும்."

எல்லாக் கண்களும் முத்தாரம்மாளிடம் போயின.

அவள் வளையல் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தக் கையைச் சும்மா சொல்லக்கூடாது. லயத்தில் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்ட அந்தக் கை வேண்டும். புது அடுப்பில் பால் காய்ச்ச அந்தக் கை வேண்டும். செடியைக் கொன்ற கை என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் நாளை யார் கூப்பிடுவார்கள்? முடியாது என்று தலையாட்டினாள். விஜயம் வற்புறுத்தவில்லை. வேறு யாராவது வருகிறீர்களா என்று கேட்டாள். யாரும் வரவில்லை.

சொர்ணம் குனிந்து கூழாங்கற்களைப் பொறுக்கித் தம்பியின் மடியில் போட ஆரம்பித்தாள். இனி இவை வேண்டியிருக்காது என்பதுபோல.

முத்தாரம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"அவ கை கெட்டதுன்னு நீங்க எல்லாரும் சொன்னதுலதான் என் கை நல்லதாச்சு. போவட்டும். இழுத்துப் பாக்கேன்."

*

மாசியில் புதுக் கூடைகள். எல்லாவற்றையும் முத்தாரம்மாளே நட்டாள். ஒவ்வொரு கூடைக்கும் மானேஜர் ஒரு காசு சுண்டினார். தலை விழுந்த கூடையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்கள். சில வாரம் போய், வேர் விடும் சமயமாகப் பார்த்து, விடியற்காலையில் பொட்டுக் கூடைகளை மட்டும் முத்தாரம்மாள் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். மற்றதைத் தொடக்கூடாது.

இழுக்கும்போதெல்லாம் அவள் செடியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள் என்று பின்னால் பிச்சையா சொன்னான். சொர்ணம் பந்தலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். கை பரபரத்தாலும் உள்ளே வரமாட்டாளாம்.

சித்திரை பிறந்ததும் விஜயத்துக்கு முடிவைச் சொல்லித் தந்தி வரவில்லை, மலையடிவாரத்து வித்துராவுக்கு எஸ்டேட் லாரிதான் வந்தது. அதுவரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஏறிக்கொண்டாள். டிரைவர் வழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்ப் பார்க்கச் சொன்னார்.

பந்தலுக்குள் சுண்ணாம்புப் பொட்டு வைத்த கூடைகளில் பெரும்பாலும் பழுப்பு. பொட்டில்லாத கூடைகளில் பச்சை. நட்டது ஒரே கை. தோட்டத்திலேயே ராசியான கை.

முத்தாரம்மாள் செத்த கூடைகளுக்கு நடுவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நேற்றுத்தான் மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூப்பிட்டார்களாம். ராசிக்கு ஒன்றும் ஆகவில்லை, கணக்கம்மா கவலைப்பட வேண்டாம் என்றாள். அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வாய் ஊட்டியது சொர்ணம் என்பதை வேறொருத்தி சொன்னாள்.

சொர்ணத்தின் பேரை வெட்டும் பேச்சு அதோடு நின்றது. மானேஜர் ஒரே ஒரு உத்தரவு போட்டார். இனி நர்சரியில் யாருக்கும் சொந்தப் பாத்தி கிடையாது. எல்லாம் கூடை, எல்லாம் கலந்து வைக்க வேண்டும். வேர் விட்டதா என்று யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பைச் சொர்ணத்துக்குக் கொடுத்தார். இழுக்கத் துடிக்கும் கை எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

விஜயம் திரவியத்தைத் தேடினாள். தையில் விரலை நீட்டியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாக மனசில் வைத்திருந்தாள். ஆபீஸ் அறையில் இல்லை. பெரட்டுக்களத்திலும் இல்லை.

பந்தலின் கடைசியில், ஓடைப் பக்கமாக, அவர் முதுகு தெரிந்தது. தொப்பியையும் பிரம்பையும் தரையில் வைத்துவிட்டுப் புதிதாக நட்ட கூடை ஒன்றின்முன் குந்தியிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஓர் இலையைப் பிடித்திருந்தன.

விஜயத்துக்கு முன்னால் சொர்ணம் பார்த்துவிட்டாள். முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து அவர் பின்னால் போய் நின்றாள்.

"கண்டக்டரய்யா, கைய எடுங்க."

திரவியம் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "இல்ல பிள்ளே... புடிச்சிருக்கான்னு... லேசாத்தான்..."

"தெரியும்" என்றாள் சொர்ணம். "எனக்கும் அப்படித்தான் இருக்கும். எந்திரிங்க."